வெள்ளிக்கிழமை தாடியின் முறை

படம் போய்விட்டது. இனி அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

வியாழக்கிழமை மாலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, அச்சுக்குப் போகும் கோப்புகளோடு அதையும் சேர்த்து அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை அலுவலகப் படி ஏறும்போது முழங்கால்கள் நடுங்கின. ஆனால் பயத்தில் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்தவளுக்கு இருக்குமே, அந்த நடுக்கம். எனக்கே என்னைப் புதிதாகப் பார்ப்பது போல் இருந்தது.

நாங்கள் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அலமாரியும் மேஜையும் பலகை பலகையாகப் பெட்டியில் வரும்போது, கூடவே ஒரு தாள் வருமே, எழுத்தே இல்லாமல் படமும் அம்புக்குறியுமாக? அந்தப் படங்களை வரைவது எங்கள் வேலை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திட்டாதவர்கள் உலகத்தில் குறைவு. அந்தத் திட்டெல்லாம் எங்களுக்குத்தான்.

மேலாளர் பார்க்காமல் ஒரு கோடுகூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர். கத்துவதற்கு முன் மூக்கு வழியாக ஒரு மூச்சு வரும். அது கேட்டவுடன் எல்லாரும் திரையைப் பார்த்துக் குனிந்துகொள்வோம். அடுத்தது விசில். அவர் அடங்குவதற்குள் யாராவது ஒருவர் வெந்துபோயிருப்பார்.

யார் வேகுவது என்பதற்குத்தான் எங்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தது.

அதைத் தொடங்கி வைத்தது பெரியக்கா. அச்சகத்தோடு பேசி வேலை வாங்குகிறவர், எங்களில் மூத்தவர். ஒருமுறை ஏதோ ஒரு தாளில் ஆணியின் எண் மாறிப்போய், "யார் பண்ணினது?" என்று குக்கர் ஆரம்பித்தது ஓயவே இல்லை. பெரியக்காவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போகவேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "நான்தான் சார், மன்னிச்சிடுங்க" என்றார். அவர் பண்ணவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் மருந்து போட்டது போல் சத்தம் அடங்கிவிட்டது. குக்கருக்கு வேண்டியிருந்தது காரணம் இல்லை, ஒரு தலை.

அதற்குப் பிறகு முறை வைத்துக்கொண்டோம். திங்கள் பெரியக்கா. செவ்வாய் புதுசு, சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர்தான். புதன்கிழமை குக்கர் வெளி வேலையாகப் போய்விடுவார், எங்களுக்கு விடுதலை. வியாழன் நான். வெள்ளி தாடி. தாடிதான் பக்கங்களை அடுக்குகிறவர், படங்களுக்கு எண் போட்டு ஒழுங்கு செய்வது அவர் வேலை. அன்றைக்கு யார் தவறு செய்திருந்தாலும் சரி, "யாரு?" என்ற கேள்வி வந்தால் முறைக்காரர் எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். இதில் எல்லாரும் தேறிவிட்டோம். தாடி நினைத்த மாத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வரவழைப்பார். "சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு, இங்க வந்து வீணாப்போறாரு" என்பார் பெரியக்கா.

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். எனக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் கவனித்தது தங்கை வீட்டில்தான்.

தங்கைக்குக் குழந்தை பிறந்து, நாங்கள் ஒரு தொட்டில் வாங்கிக் கொடுத்தோம். நாலு பக்கமும் கம்பி அடைப்பு வைத்த மரத் தொட்டில். ஒரு பக்க அடைப்பைத் தாழ்ப்பாள் நீக்கிக் கீழே இறக்கலாம். என் கணவர் தரையில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். கடைசியில் தாழ்ப்பாள் உள்பக்கமாக வந்து நின்றது, குழந்தையின் கை எட்டுகிற இடத்தில். கழற்றி மறுபடி பூட்டினார். மறுபடியும் உள்ளே.

"இந்தப் படத்தை வரைஞ்ச மகராசி யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்று அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கீழே எங்கள் அலுவலகத்தின் முத்திரை.

"நான்தான்" என்றேன் உடனே. "மன்னிச்சிடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீயா? இதுல வருஷம் போட்டிருக்கு பாரு. நீ அங்க சேர்றதுக்கு முன்னாடி வந்தது."

உண்மைதான். அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவர் "யாரு" என்று சொன்ன நொடியில் என் மனசு நிஜமாகவே குனிந்துவிட்டிருந்தது. நடிப்பே இல்லை. காதெல்லாம் சூடாகி, நான் செய்யாத ஒரு தவறுக்கு நான் உள்ளுக்குள் கூசிக்கொண்டிருந்தேன். எது என்னுடையது, எது என்னுடையது இல்லை என்று பிரித்துச் சொல்லும் ஏதோ ஒன்று எனக்குள் தேய்ந்துபோயிருந்தது.

"அக்கா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? தண்ணி குடி" என்றாள் தங்கை.

தண்ணீர் குடித்தேன். பிறகு தாளை வாங்கிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கூச்சம் போய் வேறொன்று வந்தது. படம் முழுக்கக் காக்கை பறந்துகொண்டே பார்ப்பது போல மேலேயிருந்து வரையப்பட்டிருந்தது. பூட்டுகிறவன் காக்கையா? அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், பலகை அவன் மூக்குக்கு நேராக நிற்கிறது. அங்கேயிருந்து பார்த்தால் அடைப்பின் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். படத்தில் ஒரு கை இருந்தால் போதும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து பிடிக்கும் ஒரு கை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கை வரையக் கூடாது. "கை வரைஞ்சா நேரம் வீண். வாங்கறவனுக்குக் கை இருக்கு, அவனுக்குத் தெரியும்" என்பார் குக்கர்.

"கொஞ்சம் அப்படியே பிடிங்க" என்றேன் கணவரிடம்.

"எதை?"

"தாழ்ப்பாளை. கையை எடுக்காதீங்க."

"இன்னும் எவ்வளவு நேரம்மா? மரத்துப்போச்சு" என்று அவர் கெஞ்சும் வரை வரைந்தேன். பிறகு சில நாட்கள் வீட்டில் வரைந்தேன். சமையலறையில் நின்றுகொண்டு வரைந்தேன். இத்தனை வருஷத்தில் வேலை செய்துகொண்டே நான் பாட்டு முணுமுணுத்தது அப்போதுதான். தொட்டில்காரர்களின் தாள் மறுபதிப்புக்கு வந்திருந்தது, பழைய படத்தை அப்படியே அனுப்பச் சொல்லியிருந்தார் குக்கர். நான் அனுப்பியது என்னுடையதை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை அந்த நடுக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்துகூட முடியவில்லை. குக்கரின் அறைக்குள் தொலைபேசி அடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் எழுந்து நின்று பேசினார், உட்கார்ந்து பேசினார், மறுபடி எழுந்தார். கதவு திறந்தது. மூக்கிலிருந்து மூச்சு வந்தது.

"தொட்டில் படத்தை மாத்தினது யாரு?"

என் வாய் திறந்தது. ஆனால் எனக்கு முன்னால் தாடி எழுந்துவிட்டார்.

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க சார். இனிமே நடக்காது." தலையைக் குனிந்து, தோளைத் தொங்கப்போட்டு, கண்ணைச் சிமிட்டித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். விசில் வரவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால், குக்கர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்!" என்றார். "அச்சகத்துல இருந்து ராத்திரியே மாதிரி அனுப்பியிருக்காங்க, பாத்துட்டு தொட்டில் கம்பெனி மேடம் பேசினாங்க. இப்படி ஒரு படத்தை இதுவரைக்கும் பாத்ததே இல்லையாம். அவங்க சாமான் அத்தனைக்கும் புதுசா இதே மாதிரி வரையணுமாம், இதே ஆள் முன்னால நின்னு செய்யணுமாம். மத்தியானம் நேர்லயே வராங்க. நான் சொல்லித்தான் செஞ்சாங்கன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க, என்ன?"

கதவு மூடியது. தாடி வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

முந்தின நாளே இந்தக் கேள்வி வந்திருந்தால் முறைப்படியும் நான், நிஜத்திலும் நான். ஒரு நாள் தள்ளிப் போனதில் என் படம் தாடிக்குப் போய்விட்டது.

டீ போடும் அறையில் நாலு பேரும் கூடினோம்.

"ஐயோ, என் வாயில மண்ணைப் போட!" தாடி நெற்றியில் அறைந்துகொண்டார். "சத்தியமா வேணும்னு பண்ணலம்மா. 'யாரு'ன்னு கேட்டதும் காலு தானா எழுந்துக்குது."

"அழவாவது அழுதிருக்கலாம்ல?" என்றார் பெரியக்கா.

"தண்ணி வர்றதுக்குள்ள பாராட்டிட்டாரு அக்கா! நான் என்ன பண்ணட்டும்?"

புதுசுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா," என்றாள் என்னிடம், "நேரா போய் 'நான்தான் வரைஞ்சேன்'னு சொல்லிடுங்க. இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா?" தாடி அவள் பக்கம் திரும்பினார். "அப்ப நான் ஏன் சொன்னேன்னு கேப்பாரு. முறைன்னு சொல்லணும். முறைன்னு சொன்னா, திங்கக்கிழமை அலமாரி தலைகீழா அச்சாச்சே, அது பெரியக்கா பண்ணலன்னு வரும். அப்புறம் அது யார் பண்ணினதுன்னு வரும்."

எல்லாரும் புதுசைப் பார்த்தோம். அவள் டீக் கோப்பைக்குள் பார்த்தாள்.

பெரியக்கா குரலைத் தணித்தார். "எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இங்க ஓட்டணும்டி. பொண்ணு படிப்பு முடியணும். நாம பொய் சொன்னோம்னு அவருக்குத் தெரிஞ்சா ஒருத்தரையும் விட மாட்டாரு."

"ஒண்ணு பண்ணலாமா?" என்றார் தாடி தயங்கித் தயங்கி. "நான் பேருக்கு முன்னால நிக்கறேன். நீ பின்னால உக்காந்து வரைஞ்சு குடு. திட்டு வந்தா எனக்கு. உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதான், மற்றவருக்காகத் திட்டு வாங்குவது. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்று இருந்தது. எழுந்து நிற்க வேண்டாம். எதிரில் பேச வேண்டாம். வரைந்துகொண்டு மட்டும் இருக்கலாம்.

அந்த அப்பாடாவைக் கண்டுதான் நான் நிஜமாகப் பயந்துபோனேன். குக்கரிடம்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. இதற்கு ஒத்துக்கொண்டால், தவறு மட்டும் இல்லை, நல்லதும் யாருடையதோ என்றாகிவிடும். என்னிடம் என்னுடையது என்று சொல்ல எதுவுமே மிஞ்சாது.

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் தொட்டில் மேடம் வந்தார். நரைத்த முடியை மேலே தூக்கிக் கட்டியிருந்தார், சட்டைக் கையில் மரத்தூள். குக்கரின் அறையில் உட்கார மறுத்துவிட்டு, எங்கள் மேஜைகளுக்கு நடுவிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் என் படம்.

"நாலு வருஷமா இந்தத் தாழ்ப்பாள் புகாரை வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு" என்றார். "இதுல எல்லாமே கீழ உக்காந்து பாக்கற மாதிரி இருக்கே. எப்படித் தோணிச்சு?"

"நான்தான் மேடம் அப்படி யோசிக்கச் சொன்னேன்" என்றார் குக்கர்.

"சரி. இவர் எப்படிச் செஞ்சார்?"

தாடி எழுந்தார். "அது... உக்காந்து பாத்தேன் மேடம்."

"எங்க?"

"நாற்காலியிலதான்."

மேடம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கை யாரோடது?"

"மனுஷன் கைதான் மேடம்."

புதுசு இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இல்ல, சும்மா வரைஞ்ச கை இல்ல இது" என்றார் மேடம் விடாமல். "கட்டைவிரல்ல ஒரு தழும்பு போட்டிருக்கீங்க. எதையோ பாத்து வரைஞ்சிருக்கீங்க. அதான் கேக்கறேன்."

தாடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, அனுமதியும் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. வருஷக்கணக்காக வாரா வாரம் சொல்லிப் பழகின வார்த்தை. பொய்யாக எத்தனை சுலபமாக வந்தது! இப்போது உண்மையாகச் சொல்ல வாயெடுத்தபோது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன், சத்தம் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

"அது என் வீட்டுக்காரர் கை" என்றேன். வந்தது அதுதான். பிறகு மற்றது தானாக வந்தது. "சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டின தழும்பு. தங்கச்சி வீட்டுல தொட்டில் பூட்டினப்ப அவரை அப்படியே பிடிக்கச் சொல்லி வரைஞ்சேன். படத்தை வரைஞ்சது நான்தான் மேடம். யாரும் சொல்லிச் செய்யல."

குக்கர் என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. எரிச்சலோடு, மிகச் சாதாரணமாக, "நீங்க ஏன் எழுந்துக்கறீங்க? உங்களுக்கு வியாழக்கிழமைதானே?" என்றார்.

புதுசு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும். திங்கள் யார், செவ்வாய் யார் என்பது வரை. நிற்கிறவர் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேதான் அவ்வளவு கத்தலும். பெரியக்காவின் முகம் மெல்லச் சிவப்பதைப் பார்த்தேன். தாடியின் கண்ணில், வரவழைக்காமலே, தண்ணீர் நின்றது. எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரிப்பு வந்தது. எதைக் காப்பாற்ற நாங்கள் இவ்வளவு பயந்தோம்! ரகசியமே இல்லையே! உடம்பு லேசாகித் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்பது போலிருந்தது.

"வியாழக்கிழமையா? என்ன அது?" என்றார் மேடம்.

"ஒண்ணும் இல்ல மேடம், ஆபீஸ் வழக்கம்..." குக்கர் திணறினார். பிறகு எங்கள் பக்கம் பாய்ந்தார். மூச்சு வந்தது. "இவ்வளவு நேர்மை பேசறீங்களே, அப்ப திங்கக்கிழமை அலமாரியைத் தலைகீழா அனுப்பினது யாரு?"

வெள்ளிக்கிழமை. தாடியின் முறை. தாடி கால்களை நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியக்கா அசையவில்லை. அந்தக் கேள்வி இறங்க ஒரு தலை கிடைக்காமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் சார்" என்றாள் புதுசு. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள். "அனுப்பும்போது படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். அன்னிக்கே பாத்துட்டேன், சொல்லப் பயமா இருந்துச்சு. அச்சகத்துல பேசிச் சரி பண்ணிட்டேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. அழவும் இல்லை. குக்கர் எதிர்பார்த்தது எதுவும் அதில் இல்லை. மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் விசிலும் அடிக்க முடியவில்லை.

மேடம் எழுந்து சட்டைக் கையைத் தட்டினார். என்னிடம், "இப்ப என்கூட வர முடியுமா? ஒரு தொட்டிலை உங்க படத்தை வெச்சு முழுசா பூட்டிப் பாக்கணும். பாத்துட்டுத்தான் நான் எதையும் முடிவு பண்ணுவேன்" என்றார்.

"வேலை நேரம் மேடம்..." என்றார் குக்கர்.

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"போடி, போ!" என்றார் பெரியக்கா, சத்தமாகவே.

மேடத்தின் தொட்டில் பட்டறை பெரிய கூடம். ரம்பச் சத்தம், பச்சை மர வாசனை, மேலே கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் வெயில். மேடம் என்னோடு தரையில் உட்கார்ந்தார். படத்தை நடுவில் வைத்தோம். நான் பலகையை நிறுத்த, அவர் திருகினார். முதல் படம் சரி. அடுத்தது சரி. தாழ்ப்பாள் அடைப்பு ஒரே தடவையில் வெளிப்பக்கமாக உட்கார்ந்தது. "அட்ரா சக்கை!" என்று மேடம் தொடையில் தட்டினார். பக்கத்தில் இழைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது.

அப்புறம் அடிப்பலகை வந்தது. போகவில்லை. சாய்த்துப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம். குறுக்கே நீளத் திருகாணி நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் போடச் சொல்லியிருந்தது என் படம். தங்கை வீட்டில் அடைப்பை மட்டும்தான் கழற்றிப் பூட்டினோம், அடிப்பலகையைத் தொடவே இல்லை. நான் அதை யோசிக்காமல் என் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றியிருந்தேன்.

மேடம் படத்தைக் கையில் எடுத்தார். "இந்த வரிசை யாரு போட்டது? பழைய படத்துல இருந்ததா, நீங்களா?"

பழைய படத்தின் மேல் போட்டுவிடலாம். அவர் சரிபார்க்கப் போவதில்லை. எதிரே தொட்டில் பாதியில் நின்றது. இந்த ஒரு பிசகால் கதவு வரை வந்த வாய்ப்பு திரும்பிப் போய்விடுமோ?

"நான்தான்" என்றேன். "பழைய படத்துல சரியா இருந்தது. நான் மாத்தினதுதான் தப்பு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மூச்சு வரும், பிறகு விசில் வரும். தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறின.

"என்னாச்சு, கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"பின்ன என்ன பாத்துட்டு இருக்கீங்க? பென்சிலை எடுங்க."

எடுத்தேன். திருகாணியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளினேன். அவர் கழற்றினார், பலகை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவ்வளவுதான். தப்பு இருந்தது, இப்போது இல்லை. அதற்குள் யாருடைய முகமும் சிவக்கவில்லை. என் தோள்கள் இறங்க மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டன, அவற்றுக்கு விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை.

தொட்டில் நாலு காலில் நின்றது. மேடம் இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை மத்த சாமானுக்கெல்லாம் வரைய வரும்போது இந்த மாதிரி வார் செருப்பு போட்டுட்டு வராதீங்க. கீழ எல்லாம் ஆணி. மூடின செருப்பா வாங்கிக்கோங்க."

"திங்கக்கிழமையா?" என்றேன்.

"ஏன், அதுக்கு முன்னாடி வரணுமா?"

அவர் அடுத்த பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார். என்னிடம் மூடின செருப்பு கிடையாது. கடை அடைப்பதற்குள் போய்விட வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு, மரத்தூள் பறக்கப் பறக்க, வாசலை நோக்கி ஓடினேன்.